நாலாம் நாள் உடுப்பு: இஸ்மத் சுக்தாய் குறிப்புகள்

உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் கதைத் தலைப்பான ‘லிஹாஃப்’ என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக மனம் அரித்துக்கொண்டிருக்கிறது. ‘போர்வை’ என்று போட்டால் கதை படுத்துவிடும். நம் ஊர்ப் போர்வை மெல்லியது, மழைக்காலத்தில் இழுத்து மூடிக்கொள்ள ஆகும், அவ்வளவுதான். லிஹாஃப் உள்ளே பஞ்சு அடைத்து, குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டி, கழுத்துவரை இழுத்தால் நெஞ்சில் கனக்கிற வடநாட்டுக் குளிர்காலச் சாமான். அந்தத் தடிமன் இருந்தால்தான் சுவரில் யானை மாதிரி நிழல் ஆடும். யானை ஆடினால்தான் எதிர்க்கட்டிலில் படுத்திருக்கும் சிறுமிக்குப் பயம் வரும். ‘ரஜாய்’ என்று எழுதலாம். குளிர்காலத்தில் டில்லிக்குப் போய்வந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். மற்றவர்களும் கதை போகிற போக்கில் புரிந்துகொள்வார்கள்.

தேவநாகரி எழுத்தில் அச்சான உருதுப் பதிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். அகராதி பாதி இடங்களில் கைவிட்டுவிடுகிறது. அகராதியில் இல்லாத சொற்களில்தான் இஸ்மத் குடியிருக்கிறார்.

*

‘லிஹாஃப்’ 1942இல் லாகூரின் ‘அதப்-ஏ-லதீஃப்’ இதழில் வந்தது. அதை எழுதிய இரண்டு மாதத்தில் இஸ்மத்துக்குக் கல்யாணம். கதையில் ஒரு நவாப், அவர் கட்டிக்கொண்டுவந்து வீட்டு மூலையில் மறந்துவிட்ட பேகம் ஜான், அவளுக்கு உடம்பு பிடித்துவிடும் ரப்பு என்ற பணிப்பெண். நவாபின் கவனமெல்லாம் அவர் வீட்டில் தங்கிப் படிக்கிற இளைஞர்கள்மேல். சில நாள் அந்த வீட்டில் விடப்பட்ட சிறுமி ஒருத்தி, இரவில் ரஜாய்க்குள் ஏதோ அசைவதைப் பார்க்கிறாள். அவளுக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாததால் அவளிடம் அதற்குச் சொல்லும் இல்லை.

வழக்குப் போட்டவர்கள் தோற்றது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

1944 டிசம்பர். பம்பாய் வீட்டில் இரண்டு மாதக் கைக்குழந்தைக்குப் பால் தயார்செய்துகொண்டிருந்தபோது போலீஸ்காரர் சம்மனோடு வந்து நிற்கிறார். ஆபாச எழுத்து என்று குற்றச்சாட்டு. வாதி, பிரிட்டிஷ் மன்னர். மன்னருக்கு என்மேல் என்ன கோபம் என்று இஸ்மத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே லாகூர் நீதிமன்றத்தில் ‘பூ’ (வாடை) கதைக்காக எழுத்தாளர் மண்ட்டோவும் ஆஜராக வேண்டும். இரண்டு பேரும் அவரவர் குடும்பத்தோடு ரயிலேறிப் போனார்கள். லாகூரில் செருப்பு வாங்கினார்கள், காஷ்மீர் சால்வை வாங்கினார்கள், விருந்துண்டார்கள். நினைவுக்குறிப்பில் இதையெல்லாம் ஒரு கல்யாணப் பயணம்போல எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு முன்பு நடந்ததையும் அங்கேயே எழுதியிருக்கிறார். வசவுக் கடிதங்கள் வந்து குவிந்தன. தபால்காரர் கொண்டுவருவதைத் தொடவே பயமாக இருந்தது. புருஷனோடு சண்டை மணமுறிவின் விளிம்புவரை போனது. சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போகிற பத்தியின் அடியில் அந்த நடுக்கம் கிடக்கிறது. அவசரமாகப் படித்தால் தவறிவிடும்.

சாட்சிக் கூண்டில் ஏறியவர்களிடம் வக்கீல் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தச் சொல் ஆபாசம்? புரட்டினார்கள். ஒருவர் தேடிப்பிடித்து ‘ஆஷிக்’ என்றார், காதலன். பெண்பிள்ளைகள் ஆஷிக்குகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கதையின் தொடக்கத்தில் ஒரு வரி வருகிறது. ‘ஆஷிக்’ என்ற சொல்லே ஆபாசமா? இல்லை, ஆனால் நல்ல பெண்களைப் பற்றி அப்படி எழுதக் கூடாது. கெட்ட பெண்களைப் பற்றி எழுதலாமா? எழுதலாம். அப்படியானால் இவர்கள் நல்ல பெண்கள் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார் வக்கீல். வழக்கு தள்ளுபடி.

ஒரு குழந்தையின் வாயில் கதையை வைத்தது சாமர்த்தியம் என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது சாமர்த்தியமாகப் படவில்லை. இஸ்மத் அந்தக் கதையைக் கேட்டதே அப்படித்தான். அலிகரில் ஒரு நவாபின் மனைவியைப் பற்றிப் பெரிய பெண்கள் குசுகுசுவென்று பேசியதை மூலையில் உட்கார்ந்து, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் காதில் வாங்கிய குழந்தை அவர்.

*

மண்ட்டோ ‘லிஹா’ஃபின் கடைசி வரியைக் குறை சொன்னார். ரஜாய் தூக்கிக்கொண்டபோது கண்டதை லட்சம் ரூபாய் கொடுத்தாலும் சொல்ல மாட்டேன் என்று சிறுமி சொல்வதாக இருந்த வரி. நான் ஆசிரியராக இருந்தால் அதை வெட்டியிருப்பேன் என்றார். மண்ட்டோ சொன்னது சரி. அந்த வரியில் சிறுமி போய்விடுகிறாள், எழுதுகிறவரின் கண்சிமிட்டல் வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு இஸ்மத்தைப் பற்றிய கட்டுரையில் அவர் எழுதியதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பேச்சில் இஸ்மத் வெட்கப்பட்டதைப் பார்த்து, இவளும் கடைசியில் பெண்தானே என்று தோன்றிற்றாம். ஆனாலும் அதே கட்டுரையில், இஸ்மத் பெண்ணாக இல்லாவிட்டால் ‘லிஹா’ஃபும் ‘கேந்தா’வும் பிறந்திருக்காது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்தக் காலத்தில் ஓர் ஆண் எழுத்தாளர் ஒரு பெண் எழுத்தாளரைப் பார்த்து, நீ ஆணைப்போல எழுதுகிறாய் என்று சொல்வதைப் பெரிய பாராட்டாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மண்ட்டோ அந்தப் பாராட்டைச் சொல்லவில்லை. அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

*

இன்று ‘லிஹா’ஃபை மறுபடியும் படித்தபோது கைநடுங்கிற்று. ரப்பு ஊருக்குப் போன நாட்களில் பேகம் ஜான் அந்தச் சிறுமியைப் பக்கத்தில் இழுத்து, விலா எலும்பை எண்ணுகிறேன் என்கிற சாக்கில் தொடுகிற பக்கம். சிறுமி மூச்சுமுட்டி விலகப் பார்க்கிறாள், அழத் தோன்றுகிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை. பெண்ணின் ஆசையைத் துணிந்து சொன்ன கதை என்று கொண்டாடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இஸ்மத் தாண்டவில்லை. பேகம் ஜானின் பட்டினியையும் எழுதினார், பட்டினி கிடந்தவள் கைக்கு எட்டிய குழந்தையை என்ன செய்வாள் என்பதையும் எழுதினார். அநியாயம் அனுபவித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களாகிவிடுவதில்லை என்று தெரிந்த எழுத்து. இருபத்தாறு வயதில் அது தெரிந்திருந்தது.

*

அந்தக் கதை தன் காலில் கட்டிய கல்லாகிவிட்டது என்பதுபோல இஸ்மத் பிற்காலத்தில் வருந்தினார். எதை எழுதினாலும் ‘லிஹா’ஃபுக்கு அடியில் போட்டு நசுக்கிவிட்டார்கள் என்று. ஆகவே அதை மடித்து வைக்கிறேன்.

*

‘நன்ஹீ கீ நானீ.’ நன்ஹியின் பாட்டி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. சின்ன வயதில் இன்னாருடைய மகள், பிறகு இன்னாருடைய மருமகள், பிறகு பிஸ்மில்லாவின் அம்மா, பிஸ்மில்லா பிரசவத்தில் போன பிறகு நன்ஹியின் பாட்டி. கதையின் முதல் பத்தியிலேயே இந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. நம் வீட்டுப் பத்திரங்களில், கல்யாணப் பத்திரிகைகளில், கல்வெட்டுகளில் இதே பட்டியலைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் கதையின் முதல் பத்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

அவளுடைய புர்கா. வெளியே போகும்போது புர்கா, படுக்கும்போது சுருட்டினால் தலையணை, குளித்தால் துண்டு, தொழுகைக்கு விரிப்பு, தெரு நாய் பாய்ந்தால் கேடயம். ஒரு துணி இத்தனை வேலை செய்கிறது. புர்காவைப் பற்றி ஆயிரம் கட்டுரை வந்தாகிவிட்டது, ஏழைக் கிழவி அதை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறாள் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் இவர்தான்.

அந்தக் கிழவி திருடி, கெஞ்சி, பொறுக்கிச் சேர்த்ததையெல்லாம் ஒரு தலையணைக்குள் தைத்து வைத்திருக்கிறாள். குரங்கு தூக்கிக்கொண்டு போய்ச் சுவர்மேல் உட்கார்ந்து, தெருவே பார்க்க, தையலைப் பிரித்து ஒவ்வொன்றாக வீசுகிறது. பேத்தி நன்ஹியை நாசம் செய்த டெப்டி சாகிபு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு மரியாதையாகவே வாழ்கிறார். கிழவியின் தலையணைதான் ஊர்முன் கிழிகிறது.

*

இப்போது ‘சௌத்தி கா ஜோடா’.

கல்யாணம் ஆன நாலாம் நாள் பெண் தாய்வீட்டுக்கு வரும்போது உடுத்துகிற ஜோடிதான் சௌத்தி ஜோடா. நமக்கு நேரான சொல் இல்லை. ‘மறுவீட்டுப் புடவை’ என்று எழுதிப் பார்த்தேன். பொருள் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது, ஆனால் நம் புடவையை யாரும் வெட்டித் தைப்பதில்லை. இந்தக் கதையே வெட்டுவதில்தான் நிற்கிறது. ‘நாலாம் நாள் உடுப்பு’ என்றே வைத்துக்கொண்டேன்.

குப்ராவின் அம்மா துணி வெட்டுவதில் பெயர்போனவள். யார் வீட்டுத் துணி போதாமல் போனாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். தாழ்வாரத்துப் பலகையில் துணியை விரித்து, கஞ்சியை உடைத்து, கோணலை இழுத்து நேராக்கி, கண்ணாலேயே அளந்து, போதாது என்று எல்லாரும் கைவிட்ட துண்டிலிருந்து முழு உடுப்பை எடுத்துக்கொடுத்துவிடுவாள். குழந்தை பிறந்தால் அவள், கல்யாணமென்றால் அவள், சாவென்றாலும் அவள். பிள்ளைச் சட்டையையும் கபனையும் ஒரே கத்தரிதான் வெட்டுகிறது.

என் சித்தி இப்படித்தான். ஒரு மீட்டர் வேண்டிய இடத்தில் எழுபது சென்டிமீட்டர்தான் இருக்கும், அதில் கைக்கு ஒட்டுப்போட்டு, ஒட்டு தெரியாத இடத்தில் மடிப்பை வைத்து, ரவிக்கையை எடுத்துவிடுவார். வெட்டுவதற்குமுன் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிடுவார். அந்த நிமிஷத்தில் நாங்கள் யாரும் குறுக்கே நடக்க மாட்டோம். இஸ்மத் அந்த அமைதியை எழுதியிருக்கிறார். சுற்றி உட்கார்ந்திருக்கிற பெண்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு, கத்தரி எங்கே இறங்கும் என்று பார்க்கிற கண்கள். எவ்வளவோ பேர் போர்க்களத்தை எழுதியிருக்கிறார்கள். ஒரு ஏழை வீட்டுத் தாழ்வாரத்தில் துணி வெட்டுவதை அதே அளவு பதைப்போடு எழுதியவர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

குப்ராவுக்கு வயது ஏறுகிறது. வரன் இல்லை. அப்பா காசநோயில் போய்விட்டார். அவளுக்கென்று தைத்து வைத்த நாலாம் நாள் உடுப்பு பெட்டியில் கிடந்து மங்க, அம்மா புதிதாக இன்னொன்று தொடங்குகிறாள். அந்தச் சமயத்தில் மாமன் மகன் ராஹத், போலீஸ் பயிற்சிக்காக வந்து வீட்டில் தங்குகிறான். வீடே அவனைச் சுற்றித் திரும்புகிறது. மிச்சமிருந்த நகை ஒவ்வொன்றாகக் கைமாறி அவனுக்குப் பராட்டாவாகவும் கபாபாகவும் ஆகிறது. குப்ரா திரைக்குப் பின்னால் நின்று அவன் சட்டையைத் துவைக்கிறாள், காலுறையைத் தைக்கிறாள், ஸ்வெட்டர் பின்னுகிறாள். அவன் முன்னால் அவள் வரக் கூடாது. தங்கை ஹமீதா போய்ப் பேச்சுக்கொடுக்கிறாள், அக்காவுக்காக. ராஹத்தின் கை ஹமீதாவின் மேல் விழுகிறது. பிறகு ஒருநாள், விருந்தோம்பலுக்கு நன்றி சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விடுகிறான். அவனுக்கு வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

குப்ரா இருமி இருமிச் சாகிறாள். அம்மா அதே பலகையில் வெள்ளைத் துணியை விரிக்கிறாள்.

கடைசிப் பக்கத்தில் அம்மா அழுவதை இஸ்மத் நீட்டவில்லை. கை பழகிய வேலையைச் செய்கிறது, கோணலை நேராக்குகிறது. அந்த முகத்தில் ஒரு பயங்கரமான நிம்மதி. மற்ற உடுப்பெல்லாம் வெட்டும்போது இருந்த சந்தேகம் இதில் இல்லை. இந்த உடுப்பு பெட்டியில் கிடந்து வீணாகப் போகாது.

இதை ஒரே மூச்சில் படித்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

வரதட்சணை என்ற சொல் கதையில் ஒரு கோஷமாக வருவதே இல்லை. வில்லன் என்று ராஹத்தைக்கூடச் சொல்ல முடியாது. அவன் சாப்பிட்டான், போனான். கொன்றது எது? பெண்களின் நல்ல குணங்கள்தான் குப்ராவைக் கொன்றன: அடக்கம், பணிவு, தியாகம், விருந்து உபசாரம். அம்மா தன் அன்பாலேயே மகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டிருந்தாள். இதைவிடக் கடுமையான பெண்ணியக் கட்டுரையை நான் படித்ததில்லை, இது கதையாக இருக்கிறது என்பதைத் தவிர.

*

உடுப்பு இன்னொன்று: ‘கர்வாலி’யில் லாஜோ. யாருக்கும் சொந்தமில்லாத வேலைக்காரி, பாவாடை வீசி நடந்து வீட்டைத் தன் வீடாகவே நினைத்துக்கொள்கிறவள். மிர்ஸா அவளை நிக்காஹ் செய்துகொண்டதும் முதலில் பிடுங்குவது அந்தப் பாவாடையைத்தான். இனிமேல் இறுக்கமான பைஜாமா. கால் இரண்டும் உறைக்குள் போனதும் லாஜோவுக்கு நடையே போய்விடுகிறது. இந்தக் கதையில் கல்யாணம் முறிந்ததும் எல்லாரும் மூச்சு விடுகிறார்கள், மிர்ஸாவும்கூட.

*

‘பேகமாத்தீ ஸுபான்’ என்று உருதுவில் ஒரு பேச்சைச் சொல்வார்கள். ஜனானாவுக்குள், முற்றத்துக்குள், பெண்கள் பெண்களோடு பேசிப்பேசி உருவான மொழி. பழமொழி, சத்தியம், வசவு, கொஞ்சல் எல்லாம் தனி. ஆண்கள் அவையில் கவிதை படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இது வளர்ந்துகொண்டிருந்தது. இஸ்மத் அதை அப்படியே அச்சுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பெரிய காரியம் எதுவென்று கேட்டால் ‘லிஹா’ஃபுக்குமுன் இதைத்தான் சொல்வேன்.

‘கோஸ்னா’ என்று ஒரு வினைச்சொல். பெண்கள் வாய்விட்டுச் சாபம் கொடுப்பது. அகராதி ‘சபித்தல்’ என்கிறது. முனிவர்தான் சபிப்பார். பெண்கள் செய்வது கரித்துக்கொட்டுவது. மண்ணை வாரித் தூற்றுவது. இந்த இடத்தில் தமிழ் தயாராகவே இருக்கிறது. ‘முவா’ என்றால் செத்தவன், நம் ஊரில் கட்டையில போறவன். இந்த ஒரு சொல்லுக்காக உருதுக்கும் தமிழுக்கும் நடுவே இருக்கிற ஆயிரம் மைலை மறந்துவிடலாம்.

‘பிச்சூ ஃபூஃபீ’யில் வரும் அத்தை, பெயர் பாத்ஷாஹி கானம், தேள் அத்தை. எதிர்வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து தம்பி குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கரித்துக்கொட்டுகிறவள். அவளுடைய புருஷன் தெருக்கூட்டுகிற பெண்ணோடு உறவு வைத்ததைக் கண்ட அன்று வளையலை உடைத்து, வெள்ளை உடுத்தி, புருஷன் உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கும்போதே விதவையாகிவிட்டாள். அன்று முதல் அவரைக் குறிப்பிட வேண்டி வந்தால் ‘மர்ஹூம்’ என்பாள். காலஞ்சென்றவர். மணவிலக்கு கேட்க வழியில்லாதவள் இலக்கணத்தைக் கொண்டு புருஷனைத் தலைமுழுகினாள்.

தம்பி சாகக் கிடக்கும்போது அந்த வாயில் சாபம் வரவில்லை. என் ஆயுசை அவனுக்குக் கொடு என்று வருகிறது. சாபத்தின் அடியில் இருந்தது இதுதான் என்று தம்பிக்கு எப்போதும் தெரியும்.

‘மர்ஹூம்’ இருக்கும் இடமெல்லாம் ‘போய்ச்சேர்ந்த மனுஷன்’ என்று எழுதிவிட்டேன். சரியாக உட்கார்ந்தது.

*

தன்வரலாறு: ‘காகஸீ ஹை பைரஹன்’, காகித உடை. கவிஞர் காலிபின் திவான் தொகுப்பில் முதல் கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு. பழைய பாரசீகத்தில் முறையிட வருகிறவர்கள் காகிதத்தில் உடை உடுத்தி மன்னர்முன் நிற்பார்களாம். காலிபின் கற்பனையில், காகிதத்தில் வரையப்பட்ட ஒவ்வொரு சித்திரமும் அப்படி ஒரு மனுதாரர்தான், படைத்தவனிடம் முறையிடுகிறது. வாழ்நாள் முழுக்கப் பெண்களைக் காகிதத்தில் எழுதியவர் இந்தத் தலைப்பை வைத்திருக்கிறார்.

1979, 80இல் ‘ஆஜ்கல்’ இதழில் தொடராக வந்தது. வரிசை கிடையாது. ஒரு அத்தியாயத்தில் ஐந்து வயது, அடுத்ததில் கல்லூரி, திரும்பவும் குழந்தை. சொன்ன சம்பவத்தை மறுபடி வேறு மாதிரி சொல்கிறார். ஒழுங்குபடுத்தியிருக்கலாமே என்று முதலில் எரிச்சல் வந்தது. இப்போது அப்படி இல்லை. மத்தியானத்தில் பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

தொடக்கத்திலேயே ஒரு முஹர்ரம் கூட்டம். கர்பலாவில் கைக்குழந்தை அலி அஸ்கரின் தொண்டையில் அம்பு பாய்ந்ததைச் சொல்லி எல்லாரும் மார்பில் அடித்து அழும்போது, ஒரு சிறுமி வீறிட்டுக் கத்துகிறாள்: ஏன் தொண்டையில் அடித்தார்கள்? கத்தியவளை வெளியே இழுத்துப்போனார்கள். அவள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அறுபது வயதையொட்டி அவர் எழுதிய நாவல் ‘ஏக் கத்ரா-ஏ-கூன்’, ஒரு துளி ரத்தம்; மீர் அனீஸின் மர்ஸியா என்னும் இரங்கற்பாக்களை அடியொற்றிய கர்பலாக் கதை. கடவுள் நம்பிக்கையைப் பற்றி அவர் என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தையின் தொண்டையை மட்டும் அவர் விடவில்லை.

*

இஸ்மத் பதாயூனில் 1915இல் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் ஒன்பதாவது. அக்காமார் கல்யாணமாகிப் போய்விட, அண்ணன்மாரோடு மரமேறி, கில்லி ஆடி வளர்ந்தார். பிள்ளை பெற்றுப் பெற்றுச் சலித்துப்போன அம்மாவைப் பற்றி அவர் எழுதியிருப்பதை நம் ஊர் எழுத்தில் தேடினால் கிடைப்பது கடினம். தாயின் சலிப்பைச் சொல்ல நமக்கு வாய் வராது. ‘டேடீ லகீர்’ நாவலில் ஷமன் பத்தாவது பிள்ளையாகப் பிறப்பது யாருக்கும் சந்தோஷமில்லை, ஆயாவின் கையில்தான் வளர்கிறாள். தலைப்புக்கு ‘கோணல் கோடு’ என்று பொருள். இஸ்மத் அதை எழுதியபோது முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். நாவலும் ஷமன் கருவுற்றிருப்பதில் முடிகிறது. அன்பு கிடைக்காத குழந்தையில் தொடங்கி இன்னும் பிறக்காத குழந்தையில் நிற்கிறது.

சமையல் கற்றுக்கொள் என்ற அப்பாவிடம், படிக்க வேண்டும் என்று நின்றார். அலிகருக்கு அனுப்பாவிட்டால் மிஷன் பள்ளியில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிடுவேன் என்றார். கல்யாணம் பேசியபோது ஜுக்னு என்கிற உறவுக்காரப் பையனுக்குக் கடிதம் போட்டார்: என்னைக் கட்டிக்கொள்ள ஆசை என்று உன் வீட்டில் சொல், நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன், இந்தச் சம்பந்தம் நின்றால் போதும். பையனும் சொன்னான். சம்பந்தம் நின்றது, படிப்பு தொடர்ந்தது. ஒரு பையனின் நல்ல மனசுக்கும் இந்த வரலாற்றில் இடம் இருக்கிறது, அதைப் பதிந்து வைக்க அவர் மறக்கவில்லை.

*

ரஷீத் ஜஹானைத் தவிர்த்து இஸ்மத்தைப் பேச முடியாது. அலிகரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஷேக் அப்துல்லாவின் மகள், பெண்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். 1932இல் நாலு பேர் சேர்ந்து வெளியிட்ட ‘அங்காரே’ தொகுப்பில் ஒரே பெண். அடுத்த ஆண்டே ஐக்கிய மாகாண அரசு தடைபோட்டது. அந்தத் தொகுப்பைச் சாக்காக வைத்து ஒரு மௌலவி பத்திரிகையில் பெண்கள் கல்லூரியையே இழுத்து மூடச் சொன்னபோது, மாணவியாக இருந்த இஸ்மத் எதிர்த்துக் கட்டுரை எழுதினார்.

ரஷீத் ஜஹானின் ‘பர்தே கே பீச்சே’ நாடகத்தில் இரண்டு பெண்கள் பிரசவம், சவலைப்பிள்ளை, புருஷன் இரண்டாம் தாரம் கட்டுவானோ என்ற பயம் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். டாக்டரின் காதில் விழுந்தது அது. இஸ்மத்துக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டது அவர்தான். திறந்த கதவுக்குள் இஸ்மத் கொஞ்சம் அதிக தூரம் போனார், நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாததையும் கேட்டுக்கொண்டு வந்தார்.

*

‘தோஸகீ.’ நரகத்துக்காரன். அண்ணன் அஸீம் பேக் இறந்த பிறகு எழுதிய கட்டுரை. அவரும் பெயர்பெற்ற எழுத்தாளர், சிரிக்கவைப்பவர், வாழ்நாள் நோயாளி. இஸ்மத்துக்கு ஆங்கிலமும் சரித்திரமும் குர்ஆனும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். செத்தவர்மேல் பூப்போடுகிற வரி ஒன்றுகூட இல்லை. இருமி இருமி, வீட்டில் எல்லாரையும் வம்புக்கிழுத்து, வேண்டுமென்றே கோபம் மூட்டி, படுக்கையில் எலும்பாகக் கிடந்த ஒரு மனிதனை அப்படியே உட்காரவைத்திருக்கிறார். எல்லாருக்கும் அவர்மேல் வெறுப்பு. கட்டுரை முடிகிறபோது அந்த வெறுப்பு முழுக்கக் கண்ணீராக இருக்கிறது, ஆனால் எந்த வரியில் மாறிற்று என்று தேடினால் அகப்படவில்லை. மூன்று தடவை தேடிவிட்டேன்.

சொந்த அண்ணனையே விட்டுவைக்கவில்லையே, என்ன பெண் இவள் என்று மண்ட்டோவின் அக்கா சொன்னாராம். நான் செத்தால் நீ இப்படி எழுதுவாய் என்று வாக்குக் கொடு, இன்றைக்கே சாகிறேன் என்றாராம் மண்ட்டோ.

*

எழுத்தாளர் குர்ரதுலைன் ஹைதரின் சீமான் வீட்டுக் கதாபாத்திரங்களைக் கடிந்து இஸ்மத் ‘போம் போம் டார்லிங்’ எழுதினார். அதில் நியாயம் பாதி. ஹைதர் கண்ட உலகம் வேறு, அதன் இழப்பும் நிஜம். இஸ்மத் இறந்த பிறகு ஹைதர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு ‘லேடி செங்கிஸ்கான்’. சுக்தாய் வம்சம் செங்கிஸ்கானின் மகன் பெயரில் வந்தது.

சினிமா: ‘ஸித்தி’ (1948), ‘சோனே கி சிடியா’ (1958), எம். எஸ். சத்யூவின் ‘கரம் ஹவா’வுக்குக் கதை. ‘ஜுனூ’னில் நடித்தும் இருக்கிறார். பிற்கால நாவல்கள் சிலவற்றில் சினிமாவின் அவசரம் தெரிகிறது. அவற்றை நான் திரும்பப் படிக்கப் போவதில்லை.

*

‘கேந்தா’: வேலைக்காரச் சிறுமியும் எஜமான் வீட்டுச் சிறுமியும் கல்யாண விளையாட்டு விளையாடுகிறார்கள். எஜமான் வீட்டு அண்ணனால் கேந்தாவுக்கு வயிற்றில் பிள்ளை. அண்ணன் டில்லிக்குப் படிக்கப் போகிறான், கேந்தாவுக்கு அடி விழுகிறது. கதையைச் சொல்கிறவள் எஜமான் வீட்டுப் பெண், கேந்தாமேல் உயிரையே வைத்திருக்கிறாள், ஒன்றும் செய்ய முடிவதில்லை. பெண்கள் எல்லாரும் ஒரு குலம் என்று சொல்லிவிட முடியாது என்று ஆரம்பக் கதையிலேயே எழுதிவிட்டார். அதே கைதான் ‘லிஹா’ஃபில் ரப்புவை வெறும் கறுத்த உடம்பாக, வியர்வையாக, கையாக மட்டும் எழுதியது. ரப்புவுக்கு என்ன வேண்டும் என்று கதை கேட்கவே இல்லை. அவள் ஊரில் ஒரு மகன் இருக்கிறான். அவனைப் பார்க்கத்தான் போகிறாள். அந்தச் சாலையில் கூடவே போகிற ஒரு கதை எழுதப்படாமல் நின்றுவிட்டது.

*

1991 அக்டோபர் 24, பம்பாயில் இஸ்மத் இறந்தார். அவர் விருப்பப்படி சந்தன்வாடி மயானத்தில் தகனம் செய்தார்கள். கபர் இல்லை. அதற்கும் சண்டை நடந்தது.

*

நினைவுக்குறிப்பில் நான் திரும்பத் திரும்பப் போகிற பக்கம்: கதை வந்து பல வருஷம் கழித்து அலிகரில் ஒரு விருந்து. கூட்டத்துக்கு நடுவே அந்த பேகம். கதைக்குக் காரணமான நிஜப் பெண். நேருக்கு நேர் வந்துவிட்டார். இஸ்மத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருக்கிறது. பேகம் கிட்டே வந்து அணைத்துக்கொள்கிறார். கதையைப் படித்தேன் என்கிறார். நவாபை விட்டுவிட்டதாகவும், வேறொருவரைக் கட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார்.

போனால், மேசைக்குப் பக்கத்தில் பூப்போல ஒரு பையன். பேகத்தின் மகன். அவனைப் பார்த்ததும், இந்தப் பிள்ளையில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது என்று இஸ்மத்துக்குத் தோன்றிற்று.